பண்ணும் பண்பும்: அருளிச்செயல் இசையின் அடையாளம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சில ஆண்டுகளுக்கு முன்பு, கடல் கடந்த ஒரு நகரத்தில் மார்கழி மாதத்தின் விடியற்காலையில் நடந்த ஒரு திருப்பாவை கோஷ்டியில் நாம் அந்வயித்திருந்தோம். அங்கு ஒரு சிறுமி தன் தாயாரோடு வந்திருந்தாள். அவளுக்குத் திருப்பாவை முப்பதும் நெட்டுரு. நாட்டையில் தொடங்கிச் சுருட்டியில் முடியும் வரை, ஒவ்வொரு பாசுரத்தையும் அதற்குரிய ராகத்தில் அழகாகப் பாடக்கூடியவள். ஆனால் கோஷ்டி தொடங்கிய சிறிது நேரத்தில் அவள் வாய் மூடிவிட்டது. கோஷ்டி தன் போக்கில் ஒரே சீராகச் சென்றது. அவள் கற்ற ராகத்திற்கும் சங்கதிகளுக்கும் அங்கே இடமில்லை. அவளருகில் நின்றிருந்த முதியவர் ஒருவர், நோயால் குரல் தழுதழுத்த நிலையிலும், ஓரெழுத்தும் விடாமல் எல்லோரோடும் சேர்ந்து ஸேவித்துக்கொண்டிருந்தார்.

சாற்றுமுறை ஆனபின் அந்தக் குழந்தை நம்மிடம் வந்து, "மாமா, நான் கத்துண்டது தப்பா?" என்று கேட்டாள். நாம் சற்றும் யோசியாமல், "அது கச்சேரிப் பாட்டு, இதுதான் நம் ஸம்ப்ரதாயம்" என்று சொல்லிவிட்டோம். அவள் முகம் வாடியது. நாம் சொன்ன அந்த விடை சரியன்று என்பது பிறகே நமக்குப் புரிந்தது. அவள் உண்மையில் கேட்டது, "நம் இசை எது?" என்னும் கேள்வியை. ராகத்தை வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. நம் பூர்வாசார்யர்கள் இசையை எந்த நோக்கில் கண்டார்கள், எதை அதன் அழகாகக் கொண்டார்கள் என்பதை வைத்தே சொல்ல வேண்டும். அன்று சொல்லத் தவறியதை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறோம்.

இயலும் இசையும்

நாலாயிர திவ்யப்ரபந்தத்தில் மூன்றாவது ஆயிரத்திற்கு இயற்பா என்று பெயர். முதலாயிரம், பெரிய திருமொழி, திருவாய்மொழி ஆகிய மற்றவை இசைப்பாவாகக் கொள்ளப்படுகின்றன. ஆகவே இசை என்பது அருளிச்செயலுக்குப் பின்னால் வந்து சேர்ந்த அலங்காரம் அன்று. அதன் பிறப்பிலேயே உள்ளது.

ஆழ்வார்கள் கையாண்ட வடிவங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். பெரியாழ்வார் தாலாட்டையும் அம்புலிப் பாட்டையும் சப்பாணியையும் எடுத்துக்கொண்டார். இவை குழந்தையுள்ள எல்லா வீடுகளிலும் தாய்மார் பாடியவை. பெண்கள் இரு கட்சியாய் நின்று விளையாடும் உந்திபறத்தலையும் அவர் விடவில்லை. திருமங்கையாழ்வார் சாழலைப் பாடினார். தோற்ற அரக்கர்கள் கூத்தாடிச் சரணம் புகும் பாவனையில் பொங்கத்தம் பொங்கோ, குழமணிதூரம் ஆகியவற்றையும் பாடினார். வீட்டிலும் தெருவிலும் விளையாட்டுக் களத்திலும் ஒலித்த பாட்டு, அப்படியே எம்பெருமானுக்கு ஆகிவிட்டது. பாட்டின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அது யாருக்காகப் பாடப்படுகிறது என்பதே ஆழ்வார்களுக்கு முக்யமாயிருந்தது.

யானைமணி என்னும் முதல் தாளம்

அருளிச்செயல் முழுவதற்கும் தொடக்கமாக நிற்பது திருப்பல்லாண்டு. அது பிறந்த விதம் நம் இசைக்கே ஒரு லக்ஷணமாக அமைந்திருக்கிறது. மதுரையில் வல்லபதேவனின் ஸபையில் பரதத்வத்தை நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்ற பெரியாழ்வாரை, அரசன் யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். தன் பிள்ளையின் சிறப்பைக் காணவரும் பெற்றோரைப்போல, எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் வந்து வானில் ஸேவை ஸாதித்தான். ஆழ்வார் அப்போது தமக்கு ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. 'காலம் ஆட்சி செய்யும் இந்நிலத்தில் இப்படிப்பட்ட அழகு வெளிப்பட்டுவிட்டதே, இதற்கு என்ன தீங்கு நேருமோ' என்று அஞ்சினார். யானையின் கழுத்திலிருந்த மணிகளையே தாளமாகக் கொண்டு, அவனுக்குப் பல்லாண்டு பாடினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கையில் வாத்யம் ஒன்றும் தயாராக இல்லை. கூட வாசிப்பவரும் இல்லை. பரிவு மேலிட்டபோது கைக்கு எட்டியது மணி; அது தாளமாயிற்று. நம் ஸம்ப்ரதாயத்தில் இசைக்கு மூலம் இந்தப் பரிவே. பாடுபவனுக்குப் பேறு கிடைப்பதற்காகவோ கேட்பவனுக்கு இன்பம் தருவதற்காகவோ அது எழவில்லை. பாடப்படுபவன் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுந்தது. இதையே மங்களாசாஸனம் என்கிறோம். இன்றும் எந்தக் கோஷ்டியும் பல்லாண்டைக் கொண்டே தொடங்குவதில், தன் பயனை மறந்த அந்த மனநிலையைப் பாடுபவர்கள் முதலில் பெற வேண்டும் என்னும் கருத்து அடங்கியிருக்கிறது.

பாட்டு யாருடையது?

மற்ற இசை மரபுகளில் பாடுபவனின் கற்பனைக்குப் பெருமதிப்பு உண்டு, அது குறையன்று. நம் மரபு வேறு ஒன்றை மதித்தது. திருவாய்மொழி மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார், தம் இனிய கவியை மனிதர் எவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று உறுதி கூறுகிறார். சொன்னால் பிறருக்குப் பகையாகும் என்று தெரிந்தும் அதைச் சொல்கிறார். ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறார்: கவி தம்முடையதே அன்று, எம்பெருமானே தம் நாவில் புகுந்து தன்னைத் தானே பாடிக்கொண்டான், ஆயினும் அதை ஆழ்வார் பாடியதாக உலகம் சொல்லும்படி செய்துவிட்டான் என்று உருகுகிறார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் இசையின் போக்கு விளங்கும். முதலாவது, பாட்டு யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, பாட்டு யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறது. இயற்றிய ஆழ்வாரே 'என்னுடையதன்று' என்று கைவிட்ட பாட்டை, ஸேவிக்கிற நாம் நம்முடைய திறமைக்குக் களமாக்கிக்கொள்வது எப்படிப் பொருந்தும்? கோஷ்டியில் சங்கதிகளும் கற்பனை ஸ்வரங்களும் இல்லாததற்குக் காரணம் அதைச் செய்ய வல்லவர்கள் இல்லாமற்போனதன்று. ஆத்ம ஸ்வரூபம் பாரதந்த்ர்யமே என்று கொண்டவர்களுக்கு, தன்னை முன்னிறுத்தாமல் பாடுவதே அழகாகப் பட்டது.

நாதமுனிகளும் தேவகானமும்

மறைந்துபோயிருந்த அருளிச்செயல்களை மீட்டுத் தந்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். வீரநாராயணபுரத்தில் மன்னனார் ஸந்நிதியில் யாத்ரிகர்கள் ஸேவித்த 'ஆராவமுதே' என்னும் திருவாய்மொழியைக் கேட்டு, அதன் பலச்ருதியால் இவை ஆயிரத்துள் பத்து என்று அறிந்து, மற்றவற்றைத் தேடிப் புறப்பட்டார். திருக்குருகூரில் பராங்குசதாஸர் மூலம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்றுப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, ஆழ்வாரிடமே நாலாயிரத்தையும் பொருளோடு பெற்றார். பின் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் ஆகிய இருவருக்கும் இசையோடு கற்பித்தார். அரையர் பரம்பரை இங்கிருந்தே தொடங்குவதாகப் பெரியோர் கூறுவர்.

நாதமுனிகள் இசைத்தது தேவகானம் எனப்படுகிறது. சோழ மன்னனின் ஸபையில் இருவர் பாடினர். ஒருத்தி எல்லோரும் அறிந்த மனுஷ்ய கானத்திலும், மற்றொருத்தி தேவகானத்திலும் பாடினாள். அரசன் முன்னவளையே கொண்டாடினான். தேவகானம் பாடியவள் வீரநாராயணபுரம் வந்து மன்னனார் திருமுன்பே பாட, நாதமுனிகள் அதன் அருமையை உணர்ந்து அவளைக் கொண்டாடினார். இதைக் கேள்வியுற்ற அரசன் வந்து வினவினான். அப்போது நாதமுனிகள், பல தாளங்களை ஒரே வேளையில் தட்டச்செய்து, ஒலியைக் கொண்டே ஒவ்வொன்றின் எடையையும் கூறி, அவனை வியக்கச் செய்தார் என்று குருபரம்பரை கூறும்.

இந்த வ்ருத்தாந்தத்தை நாதமுனிகளின் ஸங்கீத ஞானத்திற்குச் சான்றாக மட்டும் சொல்வது வழக்கம். அதில் இன்னொரு பொருளும் உண்டு. ஒரே இசையை அரசஸபை மதிக்கவில்லை. எம்பெருமானுடைய ஸந்நிதி மதித்தது. கேட்கும் செவி எதை நாடுகிறதோ, அதற்கேற்பவே இசைக்கு மதிப்பும் அடையாளமும் அமைகின்றன.

பொருளே அபிநயத்திற்கு அளவு

அரையர் ஸேவை இன்றும் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், மேல்கோட்டை ஆகிய திவ்யதேசங்களில் நடைபெறுகிறது. கூம்பிய குல்லாயும் எம்பெருமான் ப்ரஸாதமான மாலையும் அணிந்து, கையில் தாளத்தோடு நின்று, பாசுரத்தைப் பாடுவதும் அதற்கு அபிநயம் பிடிப்பதும் வ்யாக்யானம் சொல்வதும் ஆகிய மூன்றையும் ஒருவரே செய்கிறார். பாட்டும் அபிநயமும் வ்யாக்யானமும் ஒரே கைங்கர்யத்தில் கூடியிருப்பது தற்செயலன்று. இசையைப் பொருளிலிருந்து பிரித்துப் பார்க்க நம் முன்னோர் விரும்பவில்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எம்பாரின் வ்ருத்தாந்தம். பெரியாழ்வார் திருமொழியில், கண்ணன் தோழர்களுக்கு அப்பூச்சி காட்டி அச்சுறுத்தும் பகுதியை அரையர் அபிநயித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் ஒருவரையொருவர் அச்சுறுத்தும் வழக்கப்படி, கண்ணிமைகளைப் புரட்டிக் காட்டினார். எம்பெருமானார் பின்னே அமர்ந்திருந்த எம்பார், தம் கைகளைத் தோள்களின்மேல் வைத்துச் சங்கும் சக்கரமும் ஏந்தும் பாவனையைக் குறிப்பால் காட்டினார். இரு கைகளோடு தங்களில் ஒருவனாக விளையாடியவன், திடீரென்று நான்கு தோள்களும் ஆழியும் சங்குமாய் நின்றால் ஆய்ப்பிள்ளைகள் அஞ்சமாட்டார்களா? அரையர் மறுமுறை அப்படியே அபிநயித்தார். திரும்பிப் பாராமலே எம்பெருமானார், இது கோவிந்தப்பெருமாளின் வேலையே என்று கண்டுகொண்டார்.

கண்ணிமையைப் புரட்டியது அபிநயமாகத் தவறன்று, உலகியலுக்குப் பொருந்தியதே. ஆனால் அவதாரத்தில் ஒளிந்திருக்கும் பரத்வத்தை அது காட்டவில்லை. எம்பார் காட்டிய ஒரு கையசைவில் எளிமையும் மேன்மையும் சேர்ந்து வந்தன. ரஸம் எது என்பதை அர்த்தம் தீர்மானித்தது. இவ்விதமே நம் ஸம்ப்ரதாயத்தில் ஓர் அழகுணர்ச்சி வளர்ந்தது.

கேட்பவரும் இசையை இப்படியே கேட்டனர். ஆளவந்தார் ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளியிருந்தபோது, திருவனந்தபுரத்திற்குப் புறப்படும்படி அடியார்களை ஆழ்வார் அழைக்கும் பத்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியைத் திருவரங்கப்பெருமாளரையர் அவர் திருமுகத்தை நோக்கிப் பாடினார். ஆளவந்தார் அதை ஆழ்வாரின் கட்டளையாகவே கொண்டு உடனே திருவனந்தபுரம் புறப்பட்டுவிட்டார். யோகரஹஸ்யத்தை உபதேசிப்பதாகக் குருகைக்காவலப்பன் குறித்துக் கொடுத்திருந்த நாளையும் அதனால் தவறவிட்டார். 'எத்துணை இனிமையாகப் பாடினார்' என்று தலையசைத்துவிட்டு அமர்ந்திருக்கவில்லை. பாட்டுக் கேட்டவர் எழுந்து நடந்தார்.

கோஷ்டி என்னும் குரல்

அரையர் ஒருவர் பாடுவது ஒரு முறை. அத்யாபகர்களும் அடியார்களும் கூடி ஸேவிப்பது மற்றொரு முறை. உலகெங்கும் உள்ள அடியார்களுக்கு எளிதில் வாய்ப்பது இந்த இரண்டாவதே.

இதற்கு வாசல் ஸந்தை. ஆசார்யன் ஒருமுறை சொல்ல, சிஷ்யன் இருமுறை திருப்பிச் சொல்கிறான். சிறு துண்டுகளாகத் தொடங்கி, அடியாக, பாசுரமாக, பதிகமாக அது வளர்கிறது. ஏட்டைப் பார்த்துக் கற்பதில்லை. செவியால் பெற்று நாவால் காக்கிறான். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை எதனோடு சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பதெல்லாம் இதில் தானாகவே படிந்துவிடும்.

கோஷ்டியில் நின்றால் ஒருவர் குரல் மற்றவர் குரலில் கரைகிறது. நல்ல சாரீரம் உள்ளவரும் இல்லாதவரும், சிறுவரும் முதியவரும் ஒரே கதியில் செல்கின்றனர். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தாங்குகிறார். அதனால் பாட்டு நிற்பதில்லை. நாம் தொடக்கத்தில் சொன்ன முதியவரின் தழுதழுத்த குரல் அங்கே குறையாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். பாகவதர்களோடு கூடியிருப்பதையே பேறாகக் கருதும் ஒரு ஸம்ப்ரதாயம் தனக்கென்று இசை அமைத்துக்கொண்டால், அது இப்படித்தான் அமையும்.

புறப்பாட்டின்போது அருளிச்செயல் கோஷ்டி எம்பெருமானுக்கு முன்னே செல்ல, வேதபாராயண கோஷ்டி பின்னே வருகிறது. தமிழின் பின்னே அவன் வருகிறான். அவன் பின்னே வேதங்கள் வருகின்றன என்று பெரியோர் இதற்கு நயம் சொல்வர். ஒலிகள் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பதைக்கூட நம் கொள்கையே வகுத்தது.

பண் மறைந்த பின்

பழைய சுவடிகளிலும் பதிப்புகளிலும் திருவாய்மொழி முதலியவற்றிற்குப் பண்ணும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் அப்பண்களைப் பாடும் முறை நமக்கு முழுமையாக வந்து சேரவில்லை. தேவாரத்தை ஓதுவார்கள் பண்முறையோடு காத்துவந்ததைப் பார்க்கும்போது, இந்த இழப்பு மனத்தை வருத்தவே செய்யும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் பண் மறைந்த பின்னும் அருளிச்செயலின் இசை தன் அடையாளத்தை இழக்கவில்லை. எந்த ஊரில், எந்த நாட்டில் கேட்டாலும், நாலைந்து பேர் சேர்ந்து பல்லாண்டைத் தொடங்கிய உடனே இது நம் கோஷ்டி என்று தெரிந்துவிடுகிறது. அவனுக்காகப் பாடுவது, தன்னை முன்னிறுத்தாமல் பாடுவது, பொருளைச் சிதைக்காமல் பாடுவது, கூடிப் பாடுவது ஆகிய நான்கும் அதைத் தாங்கி நிற்கின்றன. பண் போனாலும் பண்பு நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் கர்நாடக ஸங்கீத வித்வான்கள் அருளிச்செயல்களுக்குப் புதிதாக ராகம் அமைத்தார்கள். அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் (1890–1967) திருப்பாவை முப்பதுக்கும் அமைத்த மெட்டுகள் இன்று வீடுதோறும் ஒலிக்கின்றன. எம்.எல். வஸந்தகுமாரியின் இசைத்தட்டுகளால் அவை மேலும் பரவின. கோயில் கோஷ்டியின் ஒலியே எட்டாத இடங்களில் பல குழந்தைகளின் செவியில் ஆண்டாளின் சொல் முதன்முதலில் விழுந்தது இவற்றால்தான். வீட்டிலும் தெருவிலும் ஒலித்த பாட்டு வடிவங்களை ஆழ்வார்கள் எம்பெருமானுக்கு ஆக்கினார்கள் என்றால், கச்சேரி மேடையின் ராகம் மட்டும் அவனுக்கு ஆகாமற் போகுமா? அந்தச் சிறுமியிடம் நாம் சொன்ன விடையில் இருந்த பிழை இதுவே.

அதே ஸமயம், இன்று நமக்கு நேரக்கூடிய இழப்பு முன்னையதற்கு நேர்மாறானது. முன்பு பண் போய்ப் பண்பு நின்றது. இப்போது ராகம் வந்து பண்பு போய்விடக்கூடும். மேடையில் பாடி, கைதட்டல் பெற்று, காணொளியாகவும் பதிவு செய்தபின், அதே பாசுரத்தைப் பெருமாள் முன்பு நால்வரோடு சேர்ந்து சொல்லத் தெரியாத ஒரு தலைமுறை உருவானால், அந்தக் குறையை எந்த ராகத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

நாம் செய்யத்தக்கவை

குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் பின்வருவனவற்றைத் திருவுள்ளம் பற்ற வேண்டுகிறோம்.

முதலாவது, ஸந்தை முன், ராகம் பின். ஸந்தையில் பாசுரம் படிந்த குழந்தை எந்த ராகத்திலும் பாடிக்கொள்ளலாம். கோஷ்டியிலும் தடையின்றிச் சேரலாம். ராகத்தோடு மட்டுமே கற்ற குழந்தைக்கு ராகத்தை நீக்கினால் சொல் நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாவது, பாசுரத்தின் பொருளைப் பெரியவாச்சான்பிள்ளை முதலான ஆசார்யர்களின் வ்யாக்யானத்தை ஒட்டிச் சொல்லிக்கொடுத்த பிறகே மெட்டைக் கற்பிக்க வேண்டும். சொற்பிரிவு தாளத்திற்காகச் சிதையக்கூடாது. ஒரு வினையின் எதிர்மறை ஈறு அடுத்த ஆவர்த்தனத்திற்குத் தள்ளப்பட்டால், 'இல்லை' என்று ஆழ்வார் சொன்னது 'உண்டு' என்று செவியில் விழும். எம்பார் அரையரின் ஓர் அபிநயத்தைத் திருத்தியது போன்ற கவனம் இங்கே நமக்கு வேண்டும்.

மூன்றாவது, பதிகத்தைப் பாதியில் விடாமல் பலச்ருதி வரை பாடி முடிக்கப் பழக்க வேண்டும். நாதமுனிகளுக்கு நாலாயிரமும் கிடைக்க வழிகாட்டியது ஒரு பலச்ருதியே.

நான்காவது, மேடையில் பாடுவதற்கு முன், அகத்துப் பெருமாள் திருமுன்பே ஒருமுறை பாடட்டும். யாருக்கு இந்தப் பாட்டு என்பது குழந்தைக்குச் சொல்லாமலே விளங்கிவிடும்.

அடுத்த ஆண்டு மார்கழியில் அந்தச் சிறுமியை மறுபடியும் காணும் பாக்யம் கிடைத்தது. முன்பு நாம் சொன்னது தவறு என்று அவளிடம் ஒப்புக்கொண்டோம். "நீ பாடியதும் அவனுக்கே, இவர்கள் சொல்வதும் அவனுக்கே; இதையும் சேர்த்துக் கற்றுக்கொள்" என்றோம். அந்த முதியவரே அவளுக்கு ஸந்தை சொல்ல இசைந்தார். சாற்றுமுறைப் பாசுரங்களை இருமுறை ஸேவித்தபோது, அவள் குரல் தனியே கேட்கவில்லை. ஆனால் அவள் வாய் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கோஷ்டி முடிந்து தீர்த்தம், சடாரி ஸாதித்தபின், அந்த முதியவரே அவளைப் பார்த்து, "குழந்தே, இப்போ அந்த நாட்டையிலே ஒரு தரம் பாடேன், பெருமாள் கேக்கட்டும்" என்றார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.